சரக்கு நின்றுவிட்டதா? எந்த இரண்டு தாள்கள் முரண்படுகின்றன என்று பாருங்கள்

சரக்கு துறைமுகத்தில் நின்றுவிட்டது என்று தகவல் வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்பதுதான். தூத்துக்குடியில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் ஃபைல் சுமந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஆளைத் தேடுவதற்கு முன்னால் தாளைத் தேடுங்கள். நான் பார்த்த தடங்கல்களில் பெரும்பாலானவை, ஒரே சரக்கைப் பற்றி இரண்டு தாள்கள் இரண்டு விதமாகப் பேசியதால் வந்தவை. தகராறு வெளிப்படுவது துறைமுகத்தில். அது பிறந்தது உங்கள் அலுவலக மேசையில், சில வாரங்களுக்கு முன்னால்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

ஷிப்பிங் பில் கணினியில் ஏறவே மறுக்கிறது

ஏற்றுமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்தான் ஷிப்பிங் பில். அது ஏறவில்லை என்றால் முதலில் ஐ.இ.சி. எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண். உங்கள் பான் எண்ணேதான் அது. ஆனால் பான் உயிரோடு இருப்பதால் ஐ.இ.சி.யும் உயிரோடு இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும், 'மாறவில்லை' என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவர்களின் எண் முடக்கப்படும். உள்ளே போய்ப் புதுப்பித்தால் மீண்டும் உயிர்பெறும். அந்த மாற்றம் சுங்கக் கணினியில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு லாரியை அனுப்புங்கள்.

எண் சரி என்றால் அடுத்தது ஏடி கோடு. எந்த வங்கிக் கிளை வழியாக ஏற்றுமதிப் பணம் வரும் என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண் அது. கிளையை மாற்றினீர்களா? உங்கள் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்ததா? 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் இணைந்த பிறகு பழைய எண்ணை வைத்துக்கொண்டு திண்டாடியவர்கள் பலர். சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில், நீங்கள் அனுப்பப்போகும் துறைமுகத்துக்கு எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

ஏப்ரல் மாதத்தில் மட்டும் இந்தச் சிக்கல் வருகிறதென்றால் எல்.யு.டி.யைச் சந்தேகியுங்கள். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜி.எஸ்.டி. துறைக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம் அது, நிதியாண்டோடு காலாவதியாகும். மார்ச் 31 வரை செல்லுபடியானதை ஏப்ரல் 5-ஆம் தேதி ஷிப்பிங் பில்லில் போட்டால் எப்படி? கடிதம் கொடுக்காமலே சரக்கு போய்விட்டது என்றாலும் பதற வேண்டாம். தாமதத்தை மன்னித்துப் பின்தேதியிட்டு ஏற்க அதிகாரிக்கு இடமுண்டு என்று 2019-ஆம் ஆண்டின் ரீஃபண்டு சுற்றறிக்கை சொல்கிறது.

ஷிப்பிங் பில் எல்லாம் சரி, ஆனால் துறைமுக வாசலிலேயே லாரியைத் திருப்பிவிட்டார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் வி.ஜி.எம். கண்டெய்னரோடு சேர்த்த மொத்த எடையை எடைபோட்டுச் சான்று தராமல் 2016 ஜூலை 1 முதல் எந்தக் கப்பலிலும் ஏற்ற முடியாது. தோராயமாக ஒரு எடையை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. திரும்பி வரவில்லை

"அண்ணாச்சி, ரீஃபண்டு எப்போது வரும்?" என்று திருப்பூரிலிருந்து கேட்காத வாரம் இல்லை. வரி கட்டி ஏற்றுமதி செய்தவர்களுக்கு அந்த ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி) திரும்பக் கிடைக்க வேண்டும். இதற்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. ஷிப்பிங் பில்லே விண்ணப்பம். அதனால்தான் தவறு எங்கே என்று யாருக்கும் தெரிவதில்லை. பணம் வரும் பாதையை வரிசையாகப் பின்தொடர்ந்தால் எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துவிடும்.

முதல் நிறுத்தம் ஜி.எஸ்.டி. தளம். ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தின் 6ஏ அட்டவணையில் ஏற்றுமதி இன்வாய்சைக் காட்டியிருக்க வேண்டும். ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு மூன்றோடும். ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தில் அந்த வரியை 3.1(பி) வரிசையில் கட்டியிருக்க வேண்டும். பலர் உள்நாட்டு விற்பனையோடு சேர்த்து 3.1(ஏ)-வில் போட்டுவிடுகிறார்கள். வரி அரசுக்குப் போய்விட்டது, ஆனால் ஏற்றுமதிக்கான வரி என்று கணினிக்குத் தெரியாது. 3.1(பி)-யில் உள்ள தொகை 6ஏ-யில் காட்டிய தொகையைவிடக் குறைந்தால், அந்த இன்வாய்ஸ்கள் சுங்கத்துக்கு அனுப்பப்படவே மாட்டா. ஐஸ்கேட்டில் உங்கள் ஷிப்பிங் பில்லைத் தேடி ஒன்றுமே காட்டவில்லை என்றால் இங்கேதான் நிற்கிறீர்கள். சுங்க அலுவலகத்துக்கு அலைவதில் பயனில்லை.

ஐஸ்கேட்டில் ஒரு பிழைக் குறியீடு தெரிந்தால் அது நல்ல செய்தி. செய்தி சுங்கம் வரை வந்துவிட்டது என்று பொருள்.

எஸ்.பி.001 என்றால் நீங்கள் கொடுத்த ஷிப்பிங் பில் எண்ணோ தேதியோ துறைமுகக் குறியீடோ தவறு. ஜி.எஸ்.டி. தளத்தின் 9ஏ அட்டவணையில் திருத்துங்கள். எஸ்.பி.002 என்றால் கப்பல் நிறுவனம் இ.ஜி.எம். தாக்கல் செய்யவில்லை, அதாவது சரக்கு நாட்டை விட்டுப் போனதற்கான அறிக்கை வரவில்லை. அவர்களைத்தான் துரத்த வேண்டும். எஸ்.பி.003 என்றால் ஷிப்பிங் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. பதிவு எண்ணும் கணக்கு தாக்கல் செய்த எண்ணும் வேறு. இரண்டு மாநிலங்களில் பதிவு வைத்திருப்பவர்களுக்கு வரும் நோய். எஸ்.பி.006, உள்நாட்டுச் சரக்கு முனையத்தில் சுங்கம் முடித்து ரயிலிலோ லாரியிலோ துறைமுகம் போன சரக்குக்கு வருவது: முனையத்தின் அறிக்கையும் துறைமுகத்தின் அறிக்கையும் ஒன்றோடொன்று இணையவில்லை.

எஸ்.பி.005 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்வாய்ஸ் எண் பொருந்தவில்லை என்பது அதன் பொருள். பின்னலாடைக்காரர்கள் வாங்குபவருக்கு ஒரு வணிக இன்வாய்ஸ், ஜி.எஸ்.டி.க்கு ஒரு வரி இன்வாய்ஸ் என்று இரண்டு வரிசை எண்களில் பில் போடுவது வழக்கம். ஷிப்பிங் பில்லில் முதலாவது ஏறும். 6ஏ அட்டவணையில் இரண்டாவது ஏறும். சில நேரம் எண் ஒன்றேதான், நடுவில் ஒரு சாய்வுக்கோடோ பூஜ்யமோ இடம் மாறியிருக்கும். கணினிக்கு அது வேறு இன்வாய்ஸ். ஜி.எஸ்.டி. பக்கம் தவறென்றால் 9ஏ-யில் திருத்தலாம். ஷிப்பிங் பில்லில் வணிக இன்வாய்ஸ் எண் ஏறிவிட்டது என்றால், இரண்டு எண்களையும் எதிரெதிரே காட்டும் ஒப்பீட்டு அட்டவணையைச் சுங்க அதிகாரியிடம் கொடுத்துச் சரிசெய்யும் வழி 2018 முதல் இருக்கிறது. அதைவிட எளிது, இரண்டு இன்வாய்ஸ்களுக்கும் ஒரே எண் வைப்பது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டிவிட்டது.

எல்லாம் பொருந்தி எஸ்.பி.000 என்று காட்டியும் பணம் வரவில்லை என்றால் வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். அரசுப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் பி.எஃப்.எம்.எஸ். அமைப்பு ஏற்காத கணக்குக்குப் பணம் போகாது.

பழைய ஷிப்பிங் பில்லைக் காட்டி வங்கி மேலாளர் துளைக்கிறார்

பணம் அப்போதே வந்துவிட்டதே என்று நீங்கள் சொல்வீர்கள். வந்திருக்கும். ஆனால் 2014 மார்ச் முதல் இயங்கும், ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். கணினியில் அந்த ஷிப்பிங் பில்லுக்கு நேராக எதுவும் பதிவாகவில்லை. வந்த பணத்தையும் போன சரக்கையும் யாரோ முடிச்சுப் போட வேண்டும், யாரும் போடவில்லை.

பெரும்பாலும் நடப்பது இது: ஷிப்பிங் பில்லில் ஒரு வங்கியின் ஏடி கோடு, பணம் வந்து விழுந்தது இன்னொரு வங்கியில். இரண்டாவது வங்கியிடம் உள்வரும் பணப் பதிவை முதல் வங்கிக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள். தடையில்லாக் கடிதமும் வேண்டும். அல்லது வாங்குபவர் தரக்குறைவு என்று சொல்லிக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அனுப்பியிருப்பார். அந்தக் குறைப்புக்கு ஒப்புதல் கேட்டு வங்கிக்கு எழுதாவிட்டால் மீதித்தொகை என்றென்றும் பாக்கியாகவே நிற்கும். பணம் வரவேண்டிய கெடு பல ஆண்டுகளாக 9 மாதமாக இருந்து, 2025 நவம்பரில் 15 மாதமாக உயர்ந்தது. கெடு நீண்டதால் தூங்கிவிடாதீர்கள்: பணம் வராத சரக்குக்கு வாங்கிய டிராபேக்கை, அதாவது ஏற்றுமதிக்காகத் திரும்பப் பெற்ற வரித் தொகையை, சுங்கம் வட்டியோடு திரும்பக் கேட்கும்.

இறக்குமதிக்குக் குவெரி வந்திருக்கிறது: "வகைப்பாட்டை விளக்குக"

வகைப்பாடு என்றால், சுங்க வரிப் பட்டியலில் உங்கள் பொருள் எந்த எண்ணின் கீழ் வருகிறது என்பது. விளக்கம் கேட்டு அதிகாரி எழுப்பும் கேள்விதான் குவெரி. உங்கள் சரக்கு தூத்துக்குடியில் இருந்தாலும் குவெரி எழுதும் அதிகாரி வேறு ஊரில் இருப்பார். முகமறியா மதிப்பீட்டு முறை 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கி, அந்த அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. நேரில் போய் விளக்கலாம் என்ற காலம் போயிற்று. பொருளைப் பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பட்டியல், படம், தயாரிப்பாளரின் விளக்கத்தாள் எல்லாவற்றையும் சுங்கத்தின் ஆவணப் பதிவேற்றத் தளமான இ-சஞ்சித்தில் ஏற்ற வேண்டும்.

திருப்பூருக்கு வரும் பின்னல் எந்திர உதிரிபாகங்களை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் இருப்பது எல்லாமே எந்திரத்துக்கான பாகம்தானே என்று அத்தனையையும் 8448 என்ற ஒரே தலைப்பில் போடுவார்கள். ஊசிக்கு அது சரி. ஆனால் எந்த எந்திரத்தில் மாட்டினாலும் பால் பேரிங்கின் இடம் 8482. ரப்பர் பெல்ட் 4010. இரும்புத் திருகாணி 7318, ஏனென்றால் பொதுப் பயன்பாட்டு உதிரிகளை எந்திரப் பிரிவிலிருந்து அந்தப் பிரிவின் குறிப்பே விலக்கிவைக்கிறது. "எதற்குப் பயன்படுகிறது" என்று நாம் யோசிக்கிறோம். சட்டம் பல இடங்களில் "அது என்ன பொருள்" என்று கேட்கிறது. எனவே எட்டு இலக்க எண்ணை மட்டும் தேடாமல், பிரிவின் தொடக்கத்திலும் அதிகாரத்தின் தொடக்கத்திலும் உள்ள குறிப்புகளைப் படியுங்கள். விற்றவர் தன் இன்வாய்சில் போட்ட எண்ணை அப்படியே நகலெடுப்பதும் ஆபத்து. முதல் ஆறு இலக்கங்கள்தான் உலகப் பொது. கடைசி இரண்டு இந்தியாவுக்கு உரியவை.

குவெரி விலையைப் பற்றியது

அறிவித்த விலை குறைவு என்று அதிகாரி சந்தேகித்தால், 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின் 12-ஆம் விதிப்படி விளக்கம் கேட்பார். ஒப்பந்தம், வங்கி வழியாகப் பணம் போன சான்று, விலை பேசிய மின்னஞ்சல்கள் ஆகியவை உங்கள் ஆயுதம். அதற்கு முன் நீங்களே ஒன்றைச் சரிபாருங்கள்: கப்பல் கட்டணமும் காப்பீடும் மதிப்பில் சேர்ந்திருக்கின்றனவா? கட்டணத்தைக் கண்டறிய முடியாதபோது எஃப்.ஓ.பி. மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையான விலையில்) 20 சதவீதத்தையும், காப்பீட்டுக்கு 1.125 சதவீதத்தையும் சுங்கம் சேர்த்துவிடும். உண்மைக் கட்டணம் அதைவிடக் குறைவென்றால் ரசீதைக் காட்டாதது உங்கள் நஷ்டம். நீங்கள் இலவசமாக அனுப்பிய அச்சுவார்ப்பு, உரிமத்துக்காகத் தனியே கட்டும் ராயல்டி போன்றவையும் மதிப்பில் சேரக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டெமரேஜ் (தாமத வாடகை) ஏறுகிறதே என்ற அவசரத்தில் "உயர்த்திய மதிப்பை ஏற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு வரி எழுதிவிட்டால், காரணங்களோடு கூடிய ஆணை 15 நாளில் பிறப்பிக்க வேண்டும் என்ற, சுங்கச் சட்டத்தின் 17(5) பிரிவின் கடமை அதிகாரிக்கு இல்லை. ஆணை இல்லாமல் மேல்முறையீட்டில் எதை எதிர்ப்பீர்கள்? ஏற்க மனமில்லை என்றால், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதி ஆணை கேளுங்கள். வந்த ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு.

ஒப்பந்தச் சலுகை வரி மறுக்கப்பட்டது

வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டுப் பொருளுக்கு வரிச் சலுகை உண்டு. அதற்குத் தோற்றச் சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் உருவானது என்ற சான்று) கையில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை 2020 செப்டம்பர் 21 அன்று முடிந்துவிட்டது. அன்று முதல் நடைமுறைக்கு வந்த காரோட்டார் விதிகள், பொருள் அந்த நாட்டில் எப்படி உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அதிகாரி கேட்டால் 10 வேலை நாளுக்குள் தர வேண்டும். ஐந்தாண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு செய்த ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதி, 35 சதவீத மதிப்பு அங்கே சேர்ந்திருக்க வேண்டும், ஆறு இலக்கத் துணைத்தலைப்பும் மாறியிருக்க வேண்டும் என்பது. அந்தக் கணக்கை விற்பவரிடம் கேட்டு வாங்குவது, ஆர்டர் போடும் முன் செய்ய வேண்டிய வேலை. பணம் கட்டிய பிறகு கேட்டால் அது தங்கள் தொழில் ரகசியம் என்பார்கள்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இன்னொரு வலி உண்டு. இங்கே வரும் கண்டெய்னர்களில் பல கொழும்பில் கப்பல் மாறி வருகின்றன. வியட்நாமிலிருந்து ஆசியான் சலுகையில் வரும் சரக்கு, அந்த ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு நாட்டில் இறங்கி ஏறுகிறது. நேரடியாக அனுப்பப்பட்டதாகக் கருத, வியட்நாம் முதல் தூத்துக்குடி வரை ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) வேண்டும். இடையில் சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது என்பதும் தெரிய வேண்டும். கொழும்பில் புதுப் பில் போட்டிருந்தால் சிக்கல்தான். அதேபோல மூன்றாம் நாட்டிலிருந்து இன்வாய்ஸ் வந்திருந்தால் சான்றிதழில் அதற்கான கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். விசாரணை நீளும் என்று தெரிந்தால், வித்தியாச வரிக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்துச் சரக்கை எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

"சான்று இல்லை" என்று பிடித்து வைத்தார்கள்

பொம்மை, மின்னணுப் பொருள், உணவு ஆகிய மூன்றும் அடிக்கடி மாட்டும். பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த உரிமம் வெளிநாட்டுத் தயாரிப்பாளர் பெயரில்தான் கிடைக்கும். இறக்குமதியாளர் வாங்க முடியாது. ஆகவே சரக்கு வந்த பிறகு இதற்கு மருந்தே இல்லை: திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். புளூடூத் ஒலிபெருக்கி என்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனப் பதிவோடு, கம்பியில்லாக் கருவிக்கான ஒப்புதலும் வேண்டும்.

உணவில் மட்டும் கொஞ்சம் இளக்கம் உண்டு. இறக்குமதியாளர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இலச்சினை, உரிம எண், சைவ அசைவக் குறி ஆகியவை விடுபட்டிருந்தால் சுங்கப் பகுதியிலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்யலாம். தயாரிப்புத் தேதியே இல்லை என்றால் ஸ்டிக்கர் காப்பாற்றாது. ஆயுட்காலத்தையும் பாருங்கள், 60 சதவீதம் அல்லது மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவாவது மிச்சமிருக்க வேண்டும்.

சரக்கில் குறையே இல்லாமல் அடியில் இருந்த மரப்பலகையால் நின்றவர்களும் உண்டு. பலகையில் நாட்டுக் குறியீடும், வெப்பமூட்டியதா புகையூட்டியதா என்ற குறியும் கொண்ட சர்வதேச முத்திரை இல்லாவிட்டால் பயிர்க் காப்புத் துறை விடாது. ஏற்றும் முன்பே புகைப்படம் கேட்டு வாங்குங்கள்.

டெமரேஜ் ஏறிக்கொண்டே போகிறது

முதலில், தாமதம் உங்களுடையதா? கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் படிவம்) தாக்கலாகியிருக்க வேண்டும். முந்தைய நாள் விடுமுறை என்பது சாக்கு ஆகாது. தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு 10,000 ரூபாய். கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பே தாக்கல் செய்ய வழியிருக்கும்போது இந்தப் பணத்தை ஏன் கட்ட வேண்டும் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

விசாரணை இழுக்கும் என்று தெரிந்தால் சுங்கச் சட்டத்தின் 49-ஆம் பிரிவைப் பயன்படுத்துங்கள். சரக்கை 30 நாள் பொதுக் கிடங்குக்கு மாற்றி வைக்க அனுமதி கேட்கலாம். துறைமுக வாடகையும் கண்டெய்னர் வாடகையும் நிற்கும். கிடங்கு வாடகை மலிவு. இந்தப் பிரிவை அறிந்தவர்கள் குறைவு, கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. சுங்கமே சரக்கைத் தடுத்து வைத்திருந்த நாட்களுக்கு வாடகை வாங்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுச் சரக்குக் கையாளுகை விதிகள் சொல்கின்றன. அதிகாரியிடம் அதற்கான சான்றிதழ் வாங்கிக் கொடுத்துத் தள்ளுபடி கேளுங்கள். கப்பல் நிறுவனங்கள் சுலபமாக ஒப்புக்கொள்ளா. ஆனாலும் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

அமெரிக்கத் துறைமுகத்தில் உங்கள் ஆடைகள் நிற்கின்றன

2022 ஜூன் 21 முதல், சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பருத்தி கலந்த எதுவும் கட்டாய உழைப்பில் உருவானது என்றே அமெரிக்கச் சட்டம் கருதும். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளர் பொறுப்பு. அவருக்கு 30 நாள்தான் கெடு. அவர் நள்ளிரவில் உங்களை அழைப்பார். பஞ்சு வாங்கிய பில், நூற்பாலையின் லாட் எண், பின்னல், சாயம், தையல் என்று ஒவ்வொரு கட்டத்தின் தாளும் அடுத்ததோடு எடையிலும் எண்ணிலும் இணைந்து வர வேண்டும். ஜாப் ஒர்க் கொடுத்த இடத்தில் வெறும் கையெழுத்துச் சீட்டு இருந்தால் சங்கிலி அங்கே அறுந்துவிடும். இந்தத் தாள்களைச் சரக்கோடு சேர்த்தே ஒரு கட்டாகத் தயாரித்து வைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நள்ளிரவில் தூங்குகிறார்கள்.

இரண்டு ஆண்டுக்கு முந்தைய சரக்குக்கு நோட்டீஸ்

முதலில் தேதியைப் பாருங்கள், தொகையைப் பிறகு பார்க்கலாம். சாதாரணக் குறைவரிக்குச் சுங்கச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் கெடு இரண்டு ஆண்டு. அதைத் தாண்டியிருந்தால் நோட்டீசில் 'மறைத்தார்', 'வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்' என்பது போன்ற சொற்கள் இருக்கும், ஏனென்றால் ஐந்தாண்டுக் கெடு அவற்றுக்குத்தான். மறைத்ததற்கு என்ன சான்று காட்டியிருக்கிறார்கள் என்பதே உங்கள் பதிலின் மையம். அன்று பொருளின் விளக்கத்தாளை இ-சஞ்சித்தில் ஏற்றியிருந்தீர்கள் என்றால், மறைத்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

தவறு உங்களுடையதுதான் என்று தெரிந்தால் வீராப்பு வேண்டாம். நோட்டீஸ் வருமுன் வரியையும் வட்டியையும் நீங்களே கட்டினால், மறைத்ததாகக் குற்றச்சாட்டு இல்லாதபோது அபராதம் இல்லை. அத்தகைய வழக்கில் நோட்டீஸ் வந்த பிறகும் 30 நாளுக்குள் கட்டினால் அதே நிலைதான். மறைத்ததாகச் சொல்லும் நோட்டீஸ் என்றால், அதே 30 நாளுக்குள் வரி, வட்டியோடு வரியில் 15 சதவீதம் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம். நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியை உறையின் மேல் எழுதி வையுங்கள். அந்த 30 நாள் அன்றிலிருந்துதான் ஓடுகிறது.